ஏழாவது லேன் ஆட்டம்

இரவு பன்னிரண்டுக்கு மேல்
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி ஏழாவது லேனில்
பர்கூர் 1979 பந்து வீசுகிறது.
மட்டை பிடிப்பது போச்சம்பள்ளி 1996.

வண்டியின் எண்பலகையில் கடைசி இலக்கம்தான் பந்து.
சுழியம் வந்தால் அவுட்.
ஒன்று முதல் நான்கு வரை, அப்புறம் ஆறு, அத்தனை ரன்.
ஐந்தும் எட்டும் வீண்.
ஒன்பது வந்தால் கேட்ச், ஃபீல்டரின் கையைப் பொறுத்து.
ஏழு வந்தால்
வீசுபவன் அடிப்பவன் இருவரின் பழைய கணக்கையும்
நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.
ஆக, பத்தில் இரண்டு இலக்கத்துக்குள்தான்
சரித்திரம் குந்தியிருக்கிறது.
மிச்சமெல்லாம் ராஜஸ்தான் மார்பிள், நாசிக் வெங்காயம்,
ஓசூரிலிருந்து வரும் டயர்.

பதினோரு அணி, ஆளுக்கு இருபது ஆட்டம்.
எட்டு மாதமாக ஓடுகிறது.
ஃபாஸ்டேக் வந்த பிறகு எனக்கு வேறென்ன வேலை,
ஸ்டிக்கர் படிக்காத வண்டியை ஓரங்கட்டுவதைத் தவிர.
காவேரிப்பட்டணம் 1968 பாதியிலேயே படுத்துவிட்டது.
அரூர் 2003 பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.
மேலே இரண்டே பேர். பதினான்கு வெற்றி, பதினான்கு வெற்றி.
இது கடைசி ஆட்டம்.

போச்சம்பள்ளி அடித்தால் அடிதான்.
முனிராஜும் சின்னராஜியும் இறங்கிவிட்டால்
கூட்டல் போட எனக்குக் கை வலிக்கும்.
எடுத்த ரன்னில் கொடுத்த ரன்னைக் கழித்தால்
எழுநூற்றுப் பன்னிரண்டு மிச்சம்.
பர்கூருக்கு மிச்சம் நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றை வைத்துக்கொண்டு பதினான்கு வெற்றி!
அதில் ஆறு, பத்து ரன்னுக்குள்.
தோற்கும்போது மட்டும் மானம் போகத் தோற்பார்கள்.

நான் அதை நெஞ்சுரம் என்றேன்.
ஆறாவது லேன் சலோமி
கண்ணாடித் தடுப்பை நகர்த்திவிட்டுச் சொன்னாள்:
"இன்னும் இருபது ஆட்டம் ஓட்டிப் பாருங்க.
உங்க நெஞ்சுரம் அஞ்சாவது எடத்துக்கு எறங்கிடும்."

அவளுக்குத் திம்மராயன் மேல்தான் சந்தேகம்.
பர்கூர் ஸ்கோர் நோட்டு
ஒரு ஜவுளிக்கடைப் பரணில் கிடைத்தது.
திம்மராயன் வீசிய ஆட்டங்களில்
கரையான் விட்டுவைத்தது நான்கு.
நான்கிலும் அடங்காத காளை.
விக்கெட்டுக்கு ஒன்பது ரன்தான் சராசரி.
"திங்கப்பட்ட பக்கத்துல அடி வாங்கியிருந்தா?"
எனக்குப் பதிலில்லை.
முனிராஜுக்கோ அறுபத்தொரு இன்னிங்ஸ்,
பள்ளி மைதானத்தில் முட்டை போட்டது உட்பட
ஒன்றும் தப்பவில்லை. சராசரி முப்பத்து நான்கு.

இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை.
திம்மராயன் கடைசிப் பந்து வீசி நான்கு வருடம் கழித்துத்தான்
முனிராஜ் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான்.

மணி ஐந்து பத்து.
ஒரு பந்து, நான்கு ரன்.
திம்மராயன் ஓடி வருகிறான். முனிராஜ் எண்பத்தெட்டில் நிற்கிறான்.
சேலம் பக்கத்திலிருந்து சைரன்.
ஆம்புலன்ஸ், கம்பத்தைத் தூக்கிவிட்டோம்,
பெங்களூர் நோக்கிப் போனது.
கடைசி இலக்கம் நான்கு.

நான் சலோமியைப் பார்க்கவில்லை.
ஆம்புலன்ஸ் கணக்கில் வராது என்பது
முதல் வாரமே அவள் போட்ட விதி.

அப்புறம் ஒரு நிமிடம் யாரும் வரவில்லை.
மலைப் பக்கம் கொஞ்சம் வெளுத்தது.
ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று
அவசரமே இல்லாமல் வந்து நின்றது.
ஏழு.

நோட்டைத் திறந்தேன்.
ஒன்பதும் முப்பத்து நான்கும்.
பக்கத்து ஓட்டைகள் வழியே
அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது.
விதிப்படி பந்து வீச்சு வென்றது.
பர்கூர் மூன்று ரன்னில்.

"எழுதிக்கோங்க" என்றாள்.
பேனாவை வைத்துவிட்டு
பென்சிலால் எழுதினேன்.
"உள்ள சின்னப் பையன் மாதிரி இருந்துது" என்றாள்,
பெங்களூர்ச் சாலையைப் பார்த்தபடி.

அடுத்த லாரி சுழியம்.
அவுட் ஆவதற்கு யாரும் இல்லை.